பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்தால் போதுமா?

லயத்துப்பெண் (இரவு 10.40)

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கோவிலுக்கோ சபைக்கோ போகிறவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

நான் பிறவிக் கத்தோலிக்கப் பெண். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தேன், இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. வயது 41. ஞாயிறு பூசையை வேண்டுமென்றே விட்டதாக ஞாபகம் இல்லை. தவக்காலத்தில் வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, அக்டோபரில் செபமாலை, ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருநாள், ஒன்றும் தப்பாது.

போன ஞாயிறு பாதர் "இதயங்களை மேலே எழுப்புங்கள்" என்றார். எல்லாரோடும் சேர்ந்து நானும் "ஆண்டவரிடம் எழுப்பியுள்ளோம்" என்றேன். அந்த நேரம் என் மனசு மைவி காரின் ரோட் டேக்ஸில் இருந்தது. கவனம் சிதறுவது யாருக்கும் நடக்கும், அது பரவாயில்லை. எத்தனை வருடமாக இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று யோசித்தேன். தெரியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

அப்பா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்குப் போய் நிற்பார். தோட்டத்துக் கணக்கர், கிராணி, பேர் கூப்பிடுவார், அப்பா குரல் கொடுப்பார், செக்ரோல் என்ற வருகைப் பதிவில் பேர் விழும். எனக்குப் பூசையும் அப்படி ஆகிவிட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எம்.சி.ஓ. (நடமாட்டக் கட்டுப்பாடு) வந்து கோவில் மூடியபோது, ஞாயிறு பூசைக்கு வந்தே ஆக வேண்டும் என்ற கடன் இல்லை என்று ஆயர்களே சொன்னார்கள். முதல் வாரம் கைப்பேசியில் பூசை பார்த்து அழுதேன். நாலாவது வாரம் பூசை ஓட ஓட வெங்காயம் நறுக்கினேன்.

மனசு இல்லாமல் போய் நிற்பதைவிட, மனசு வரும்வரை நிறுத்தி வைப்பதுதானே நேர்மை?

கித்தாக்காட்டார் (இரவு 10.58)

நிறுத்தாதேம்மா. நிறுத்தியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், மனசு வந்து திரும்பிய ஆளைக் காணோம்.

31 வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவன் நான். புதுப்பட்டையில் முதல் வெட்டு வெட்டினால் பால் பிடிக்கிற மங்கின் அடிகூட நனையாது. அதே வெட்டை மெல்லிசாகச் சீவிச் சீவித் திறந்தால்தான் பால் கூடிக்கொண்டே வரும். சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் இருந்த ரிட்லி துரை 1890களில் கண்டுபிடித்ததே அதுதான். அதற்கு முன்னால் மரத்தைக் கண்ட இடத்தில் கொத்திக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குப் பால் வராது போலிருக்கிறது என்று மர நிரைக்குப் போகாமல் லயத்தில் படுத்திருந்தால் நாளைக்கும் வராது.

புதுமழை (இரவு 11.15)

சகோதரி, உங்களுக்கு வந்திருக்கிற உறுத்தலே தேவன் பேசுவதுதான். அதைத் திரும்பவும் தூங்க வைத்துவிடாதீர்கள்.

மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்போர்டில் இருந்தபோதே புதனும் வெள்ளியும் உபவாசம், சிறைக்கைதிகளைப் பார்க்கப் போவது. குருப்பட்டம் வாங்கியவர். 1735இல் அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகவே கப்பல் ஏறினார். கடமையில் அவரை மிஞ்ச யாரும் கிடையாது, உள்ளே மட்டும் காலி. 1738 மே 24 இரவு, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சின்னக் கூட்டம். வேதாகமத்தின் ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தக்காரர் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கிறார். ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது இருதயம் அனல் கொண்டது என்று வெஸ்லியே எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒரு இரவு செய்ததைப் பத்து வருடக் கடமை செய்யவில்லை.

நானும் கத்தோலிக்கக் குடும்பத்தில் வந்தவன்தான். செபமாலையை மூச்சு விடாமல் சொல்வேன், ஒரு வார்த்தைகூட எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் நடந்த பேச்சு இல்லை. வெளியே வந்த பிறகுதான் ஜெபிக்கக் கற்றுக்கொண்டேன்.

கித்தாக்காட்டு ஐயாவுக்கு ஒன்று. என் அம்மாவும் பால் வெட்டியவர்தான். அளவுக்கு மீறி வெட்டின மரம் காய்ந்து போகும், கத்தி வைத்தால் ஒரு சொட்டு வராது. அப்போது என்ன செய்வீர்கள்? வெட்டாமல் ஓய்வு கொடுப்பீர்கள் இல்லையா?

காப்பிக்கடை மூலை (இரவு 11.21)

நான் மாரியம்மன் கோவில் ஆள், நடுவில் மூக்கை நுழைக்கிறேன். நீங்கள் கடன் திருநாள் என்கிறீர்கள், நாங்கள் நேர்த்திக்கடன் என்கிறோம். இரண்டு பேரும் சாமியிடம் கடன் வாங்கித்தான் குடும்பம் நடத்துகிறோம் போல. எங்கள் காவடியிலும் இதே பஞ்சாயத்து உண்டு. சரி, தொடருங்கள்.

பழைய மெதடிஸ்ட் (இரவு 11.50)

வெஸ்லியை இழுத்ததால் வருகிறேன். புதுமழை பிரதர் கதையின் நடுப்பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு மூடிவிட்டார்.

முன்பக்கம்: ஆல்டர்ஸ்கேட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால், 1738 மார்ச்சில், இந்தச் சகோதரி கேட்ட கேள்வியையே வெஸ்லியும் கேட்டார். எனக்கே விசுவாசம் இல்லை, பிரசங்கத்தை நிறுத்திவிடட்டுமா என்று பீட்டர் போலர் என்ற மொரேவியச் சபை ஊழியரிடம் கேட்டார். வேண்டாம், விசுவாசம் கிடைக்கும்வரை அதைப் பற்றிப் பிரசங்கி, கிடைத்த பிறகு கிடைத்ததால் பிரசங்கி என்று பதில் வந்தது. இவரும் நிறுத்தவில்லை.

பின்பக்கம்: இருதயம் அனல் கொண்டு ஏழு மாதம் கழித்து, 1739 ஜனவரி 4ஆம் தேதி, நான் கிறிஸ்தவனே இல்லை என்று அதே வெஸ்லி நாட்குறிப்பில் எழுதினார். ஒரே ராத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று சாட்சி சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்புவதே இல்லை.

அப்புறம் லண்டன் ஃபெட்டர் லேன் சண்டை. வெஸ்லியும் இருந்த அந்தத் தெருச் சங்கத்தில் சிலர், உண்மையான விசுவாசம் வரும்வரை திருவிருந்து வேண்டாம், ஜெபம் வேண்டாம், வேதம் வாசிக்க வேண்டாம், சும்மா இருங்கள் என்று கற்பித்தார்கள். வெஸ்லி ஒப்புக்கொள்ளவே இல்லை. அரைகுறை விசுவாசத்தோடு வருகிறவனை மனம் திருப்புவதற்கும்தான் திருவிருந்து என்றார். 1740 ஜூலையில் அவர்களை விட்டே விலகினார். எங்களுக்கு மெதடிஸ்ட் என்ற பேரே ஆக்ஸ்போர்டில் அவர்களுடைய ஒழுங்கு முறையைப் பார்த்துக் கேலியாக வைத்ததுதான்.

புதுமழை (இரவு 12.10)

ஜனவரி விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதவைத் திறந்தது எது? அந்த மே மாத இரவுதான். அதற்குப் பிறகுதான் வெட்டவெளியில் நின்று சுரங்கத் தொழிலாளிகளிடம் பேசினார்.

இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையில், சொத்தை அழித்துத் திரும்பிய தம்பிக்கு அப்பா விருந்து வைக்கும்போது மூத்தவனைப் பாருங்கள். ஒருநாளும் கட்டளையை மீறவில்லை, வயலிலிருந்து நேராக வருகிறான், பெரட்டுக்குத் தவறாத ஆள். எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்று அப்பாவிடம் கணக்குக் கேட்கிறான். வீட்டிலேயே இருந்தும் மகனாக இல்லை, கூலியாளாகவே இருந்திருக்கிறான். நம் தோட்டத்துச் சனத்துக்கு இது சுலபமாக வரும் வியாதி. துரைக்கு நின்ற மாதிரியே தேவனுக்கும் நிற்கிறோம்.

கித்தாக்காட்டார் (காலை 6.05)

தம்பி, நல்ல அடி. காய்ந்த மரத்தைப் பற்றிக் கேட்டாய். ஓய்வு கொடுப்போம், உண்மை. ஆனால் கங்காணியைக் கேட்டு, நாள் குறித்து, இன்ன மாதம் திரும்ப வெட்டு என்று எழுதி வைத்து ஓய்வு கொடுப்போம். மரத்தை விட்டுவிட்டுப் போவது வேறு.

நீ ஒரு மகன் கதை சொன்னாய், நான் ஒன்று சொல்கிறேன். மத்தேயுவில் ஒரு அப்பா இரண்டு மகன்களையும் திராட்சைத் தோட்டத்துக்குப் போகச் சொல்கிறார். ஒருவன் இதோ போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. மற்றவன் முடியாது என்றான், அப்புறம் போனான். போனவனுக்கு இருதயம் அனலாக இருந்ததா என்று இயேசு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் மனைவி பக்கவாதத்தில் படுத்து ஆறு வருடம். தினம் குளிப்பாட்டி, பசியாறக் கொடுத்து, துணி மாற்றுகிறேன். அன்பு பொங்கியா செய்கிறேன்? பாதி நாள் எரிச்சல்தான். முதல் வெள்ளி பாதர் நற்கருணை கொண்டுவரும்போது அவள் வாயைத் திறக்கிறாள், அவ்வளவுதான். அவள் மனசு எங்கே இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்ல?

அன்னம்மாள் பேரன் (காலை 7.30)

அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது எல்லாரும் அதிர்ந்தார்கள். பல பத்து வருடங்கள் அவருக்கு ஆண்டவர் இருக்கிற உணர்வே இல்லை, உள்ளே இருட்டு, வெறுமை. ஆனாலும் தினமும் விடியற்காலை செபம், பூசை, வேலை. உணர்ச்சிதான் விசுவாசம் என்றால் அவரை எந்தப் பட்டியலில் வைப்பது, புதுமழை அண்ணே?

புதுமழை (காலை 8.12)

பேரன் தம்பி, அவர் அந்த இருட்டோடு தெருவில் கிடந்தவர்களைத் தூக்கினார். அந்த வெறுமைக்கு அவர் விலை கொடுத்தார், வலித்தது என்று கடிதத்தில் எழுதவும் செய்தார். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து ரோட் டேக்ஸ் யோசித்துவிட்டு, எனக்கும் அன்னை தெரேசாவின் இருட்டுதான் என்றால் நியாயமா? சகோதரியைச் சொல்லவில்லை, நம் எல்லாரையும்தான். என் சபையிலும் கையைத் தூக்கிக்கொண்டு, கொட்டடிக்கிற தாளத்துக்கு வாய் அசைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சில ஞாயிறு நானும்தான்.

ஐயா, உங்களுக்கு எரிச்சல் வருவதே மனசு அந்தக் கட்டில் பக்கத்தில் இருப்பதால்தான். பெரட்டில் சும்மா நிற்கிறவனுக்கு எரிச்சல்கூட வராது.

பழைய மெதடிஸ்ட் (காலை 8.40)

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவையாவது குருவிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்து பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்கு என்று கத்தோலிக்கச் சபை 1215இல், நான்காம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர்கள் பேரவையில் சட்டம் போட்டது. அதுகூடச் செய்யாதவர்கள் இருந்ததால் வந்த சட்டம் அது. அடித்தளத்துக்குப் போட்ட சிமெண்டைப் பார்த்து வீடு முடிந்தது என்று நாம்தான் பால் காய்ச்சிவிடுகிறோம்.

லயத்துப்பெண் (ஞாயிறு, மதியம் 1.25)

இன்றைக்குப் போனேன். கித்தாக்காட்டு ஐயா சொன்னதால் மட்டும் இல்லை, நிறுத்தினால் அந்த வெங்காயம் நறுக்குகிற ஆளாகவே ஆகிவிடுவேன் என்ற பயமும்தான்.

"இதயங்களை மேலே எழுப்புங்கள்" என்றபோது நான் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். பக்கத்து ஆன்டி திரும்பிப் பார்த்தார். நான் சொல்லாமல் இருந்ததால் மற்றவர்கள் சொன்னது காதில் விழுந்தது. முன் பெஞ்சில் ஒரு தாத்தா மற்றவர்கள் முடித்த பிறகு தனியாக, மெதுவாகச் சொல்லி முடித்தார். இத்தனை வருடம் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. அனல் ஒன்றும் வரவில்லை, புதுமழை அண்ணே. வந்தது என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் ரோட் டேக்ஸ் ஞாபகம் வரவில்லை.

கேட்க வெட்கமாக இருக்கிறது, கித்தாக்காட்டு ஐயா. முதல் வெள்ளி பாதர் உங்கள் வீட்டுக்கு வரும்போது நானும் வரலாமா? செபம் சொல்ல இல்லை. அம்மாவைக் குளிப்பாட்ட ஒரு பொம்பளை ஆள் இருந்தால் உங்களுக்கும் ஒத்தாசையாக இருக்கும்.

கித்தாக்காட்டார் (ஞாயிறு, மதியம் 2.02)

வாம்மா. பாதர் பத்து மணிக்கு வருவார், நீ எட்டரைக்கே வந்துவிடு, அவள் குளிக்க நேரமாகும். இடது கையைத் தூக்கினால் வலிக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள். வீட்டு அடையாளம் தனியாக அனுப்புகிறேன். நாயைக் கட்டி வைக்கிறேன்.