இரண்டாம் சிலிண்டர் தொடர்ந்து மிஸ்பயர் ஆகிறது (எரிதல் தவறுகிறது). எஞ்சினில் விநோதமான ஒலியும் கேட்கிறது

கேள்வி (நிலாவெளி வாசி):
எனது கார் நான்கு சிலிண்டர் பெற்றோல் எஞ்சினும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் கொயிலும் (பிளக்கில் தீப்பொறி எழ மின்சாரம் தரும் பாகம்) கொண்டது. உவர்மலை ஏற்றத்தில் எஞ்சின் உதறித் திணறுகிறது. காலையில் இயக்கியதும் 'டிக் டிக்' என்ற ஒலி எழுந்து, சூடேறியதும் குறைகிறது. பிளக்குகளை மாற்றிய பின்னரும் ஸ்கேன் கருவி பி0302 என்றே காட்டுகிறது. எஞ்சினைப் பிரிக்க வேண்டுமெனக் கராஜில் கூறுகிறார்கள். அதற்கு முன் எதைச் சோதிக்கலாம்?

பதில் 1:
தம்பி, இப்போதே பிரிக்க விடாதீர்கள். இரண்டாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பதை மட்டுமே அக்குறியீடு சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. அதன் கொயிலையும் மூன்றாம் சிலிண்டரின் கொயிலையும் இடம்மாற்றி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால், அதாவது கோளாறு மூன்றாம் சிலிண்டருக்கு மாறினால், கொயில்தான் பழுது. அப்போதும் பி0302 வந்தால் பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும், அதன்பின் கம்பிரசனையும் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) சோதிக்க வேண்டும். கடற்காற்று படும் நம் ஊரில் கொயிலின் வயர் இணைப்பில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கவும் கூடும். அதை முதலில் கழற்றிப் பாருங்கள்.

பதில் 2:
அண்ணா சொன்னது சரி. ஆனால் ஒலியைத் தனியாக ஆராய வேண்டும். எக்சோஸ்ட் மனிபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) கசிந்தால், குளிர்ந்த நிலையில் இவ்வாறு ஒலித்து, உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்ததும் ஓசை அடங்கும். பொருத்துமிடத்தில் கரி படிந்திருக்கும். ஒயில் குறைந்தாலும் வால்வுப் பகுதியில் இதே ஒலி எழும் என்பதால், ஒயில் மட்டத்தை இன்றே பாருங்கள்.

பதில் 3:
எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டவே வேண்டாம். எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கொன்வேட்டருக்குள் சென்று எரிந்து, அதை உருக்கிவிடும். அதன் விலை கொயிலின் விலையைவிடப் பன்மடங்கு அதிகம்.