பச்சை இலை பில்லிங்: "வழக்கம்போல கழிச்சுக்கோங்க"ன்னா அதை ரெக்கொயர்மென்டா எப்படி எழுதுறது?

கோத்தகிரி கோடர்:
இங்க ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு பச்சை இலை கொள்முதல் சாஃப்ட்வேர் பண்றேன். சிறு விவசாயிகள் போடுற இலையை எடை போட்டு, சாக்கு எடை, ஈரக் கழிவு போக மாசக் கணக்கு பார்த்து பில் போடணும். தேவைகளை எழுதி மேனேஜர் கையெழுத்தும் வாங்கியாச்சு. அதுல ஒரு வரி: "ஈரமான இலைக்கு உரிய கழிவு செய்யப்படும்." டெமோ காட்டினா, எடை போடுற அண்ணன் "இப்படி இல்லையே, வழக்கம்போல கழிக்கணும்"ங்கிறார். வழக்கம்னா என்னண்ணானு கேட்டா, "இலையைப் பாத்தாலே தெரியுமே" அவ்வளவுதான். அக்டோபர் மழை பிடிக்கிறதுக்குள்ள லைவ் போகணும். யாராவது வழி சொல்லுங்க.

குன்னூர் டெஸ்டர்:
தம்பி, அவர்கிட்ட விதியைக் கேக்காதீங்க, பழைய எடைச்சீட்டைக் கேளுங்க. போன ஐப்பசி சீட்டுக் கட்டு எங்கேயாவது இருக்கும். நனைஞ்ச இலை வந்த ஒரு நாளை எடுத்து வச்சுக்கிட்டு நீங்க, மேனேஜர், அந்த அண்ணன் மூணு பேரும் ஒண்ணா உக்காந்து, சீட்டுக்கு ஒரு வரின்னு எடை, கழிவு, விடை எல்லாம் போட்டு ஒரு பட்டியல் எழுதுங்க. மேனேஜர் மட்டும் போதும்னு நினைச்சுடாதீங்க, தராசுக்கிட்ட நிக்கிறவர் அவர் இல்லை.

மாதிரிக்கு ஒரு வரி போடுறேன். மொத்தம் 62.5 கிலோ. ரெண்டு சாக்கு, ஒண்ணுக்கு அரை கிலோ. ஈரக் கழிவு 10 சதவீதம். சாக்கை முதல்ல கழிச்சா 61.5, அதுல பத்து சதவீதம் போக 55.35. ஈரத்தை முதல்ல கழிச்சு அப்புறம் சாக்குன்னா 55.25. சரி, 55.35ன்னே வச்சுப்போம். அப்படியே எழுதுவாங்களா, 55 ஆக்குவாங்களா, 55.5 ஆக்குவாங்களா? உங்க "உரிய கழிவு"க்கு இந்த நாலு விடையும் பொருந்தும். நூறு கிராம்தானேன்னு விட முடியாது. தினம் இலை போடுறவங்க மாசக் கடைசியில வாசல்ல வந்து நிப்பாங்க.

இன்னொண்ணு, நான் எப்பவும் செய்யறது: பட்டியல்ல வேணும்னே ஒரு தப்பு எண்ணைப் போட்டு வைப்பேன். விதியைச் சொல்லத் திணறுறவங்க தப்புத் தொகையைப் பாத்தா சும்மா இருக்க மாட்டாங்க. "அடடா, இதுக்கு எதுக்கு 10? இது வெறும் காலைப் பனி, மழையில்ல"ன்னு வாய் திறப்பாங்க. பனிக்கு ஒரு கழிவு, மழைக்கு ஒரு கழிவுன்னு அப்பதான் நமக்குத் தெரியும்.

"பாத்தாலே தெரியும்"ங்கிறதை ஃபார்முலா ஆக்கப் பாக்காதீங்க. அது அவரோட முடிவு. சதவீதத்தை அவரே தட்டட்டும். யார், எப்போ போட்டாங்கன்னு பதிவாகட்டும். ஒரு அளவுக்கு மேல போனா மேனேஜர் ஒப்புதல் கேக்கட்டும். அந்த அளவு எவ்வளவுன்னு பட்டியல்ல இன்னொரு வரி. இந்தப் பட்டியல்தான் உங்க அக்செப்டன்ஸ் டெஸ்ட், அதாவது சாஃப்ட்வேரை ஏத்துக்கலாமான்னு பாக்குற சோதனை. கோடை மாத்தி புதுசா பில்டு எடுக்கிற ஒவ்வொரு தடவையும் ஓட்டுங்க.

ஊட்டி பேக்எண்ட்:
அக்கா சொல்றது புதுசு இல்லை. வார்டு கன்னிங்ஹாம்னு ஒரு புரோகிராமர் 2002-லேயே ஃபிட்னு ஒரு டெஸ்ட் கருவி கொடுத்தார்: வாடிக்கையாளர் அட்டவணையில எண்களை எழுதுவார், கணக்கு ஒத்துப்போன கட்டம் பச்சை, தப்பினது சிவப்பு. இப்போ பலரும் குக்கும்பர்ங்கிற டெஸ்ட் கருவியைப் போடுறாங்க. அதுல தமிழ்லேயே "கொடுக்கப்பட்ட" (Given), "எப்போது" (When), "அப்பொழுது" (Then)ன்னு தொடங்கி டெஸ்ட் படிகளை எழுதலாம். ஆனா உங்க அண்ணனுக்கு அதெல்லாம் வேண்டாம், எக்செல் ஷீட்டே போதும்.

ரெண்டு எச்சரிக்கை. டெஸ்டை ஸ்கிரீன் வழியா ஓட்டாதீங்க, கழிவு போடுற ஃபங்ஷனை நேரா கூப்பிடுங்க. இல்லேன்னா பட்டனை நகர்த்தின அன்னைக்கே எல்லாம் சிவப்பாயிடும். அப்புறம், ஒரே விதியைச் சொல்ற வரி முப்பது வேண்டாம். புது வரி புதுசா எதுவும் சொல்லலேன்னா தூக்கிடுங்க.

கோத்தகிரி கோடர்:
உக்காந்தாச்சு அக்கா. சாக்குதான் முதல்ல, அப்புறம் ஈரம், கடைசியில வர்ற எடையை அதுக்குக் கீழே இருக்கிற அரை கிலோ கணக்குக்கு இறக்கணுமாம். அப்போ உங்க 62.5 கிலோ 55-ல நிக்குது. தப்பு எண் வேலை செஞ்சுது, அண்ணன் பேனாவைப் பிடுங்கி அவரே திருத்தினார்.

ஆனா புதுச் சண்டை ஒண்ணு கிளம்பிடுச்சு. தேயிலை வாரியம் அறிவிக்கிற சராசரி விலை மாசத்துக்கு மாசம் மாறும். 30-ஆம் தேதி சாயங்காலம் ஊர்ல எடை போட்ட இலை, வழியில மரம் விழுந்து லாரி நின்னு, ஃபேக்டரிக்கு நடுராத்திரி தாண்டி வந்தா எந்த மாச விலை? ஊர்ல எடை போட்ட தேதிதான்ங்கிறார் அண்ணன். ஃபேக்டரித் தேதிங்கிறார் மேனேஜர். நான் எதை எழுத?

குன்னூர் டெஸ்டர்:
எதையும் எழுதாதீங்க. அந்த வரியில விடைக் கட்டத்தைக் காலியா விட்டு, முதலாளிகிட்ட அனுப்புங்க. அவர் முடிவு பண்ற வரைக்கும் டெஸ்ட் சிவப்பாவே இருக்கட்டும், லைவ் போற தேதியைச் சொல்லிக் கேட்டா சீக்கிரம் பதில் வரும். அதோட இன்னொரு வரியும் சேத்து அனுப்புங்க: ஊர்ல 400 கிலோ, ஃபேக்டரித் தராசுல 392. அந்த 8 கிலோ யார் கணக்குல போகுது?