கட்டுப்படாத சக்தியால் ஆள் செத்தால் குற்றம் யாருடையது?

மயிலாப்பூர்க்காரன்:
ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். குரோம்பேட்டைப் பையன், வயது 15. கோபம் வந்தால் உடம்பிலிருந்து மின்சாரம் பாயும், அவனால் நிறுத்த முடியாது. தாம்பரம் ரயிலில் ஒருவர் செத்துப்போகிறார். அவன் குற்றவாளியா? பாவம், விட்டுவிடு என்கிறாள் என் தங்கை. எனக்கு மனசு ஒப்பவில்லை.

வேளச்சேரி வாசி:
இது முதல் தடவையா, இரண்டாவதா? முதல் தடவை என்றால் விபத்து. தனக்கு இப்படி ஆகும் என்று தெரிந்தும் காலை எட்டரை மணி நெரிசலில் ஏறினால், வலிப்பு வரும் என்று தெரிந்தே வண்டி ஓட்டுகிறவர் மாதிரிதான்.

கறிவேப்பிலை:
அப்போ ஆயுசுக்கும் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டுமா? சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரையை எரிக்கும்போது முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்லித் தீக்கே உத்தரவு போடுகிறாள். யாரை எரிப்பது என்று தேர்ந்தெடுக்க முடிந்ததால் அந்த நெருப்புக்கு அவள் பொறுப்பு. (மெரினா சிலையைப் பார்க்கும்போதெல்லாம் இது உறுத்தும்.) உங்கள் பையனுக்கு அந்த வசதியே இல்லையே.

சட்டம் படித்தவன்:
குற்றம் வேறு, இழப்பீடு வேறு. 1985 டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், ஆபத்தான தொழில் நடத்துகிற நிறுவனம் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1986இல் சொன்னது. ஆனால் அவர்கள் லாபத்துக்காக அந்த ஆபத்தைத் தேடிப் போனவர்கள், இவன் கேட்டு வாங்கவில்லை.

மயிலாப்பூர்க்காரன்:
இரண்டாவது தடவைதான். முதலில் செத்தது வீட்டு நாய், அம்மா அதை அவனிடமே மறைத்துவிட்டார். சரி, இப்போது அம்மாவுக்கு ஒரு அத்தியாயம் எழுத வேண்டும் போலிருக்கிறது.