ஏற்காட்டு வீட்டில் கிடைத்த பிரெஞ்சு மரப்பெட்டி: வண்ணம் கையால் தீட்டியதா?

கேள்வி (சேலம், அம்மாபேட்டை):
என் பாட்டனார் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். ஊர் திரும்பிய துரை ஒருவர் அவருக்குக் கொடுத்த, ஒரு சாண் நீளமுள்ள மரப்பெட்டி மலைவீட்டுப் பரணில் கிடைத்தது. மூடியில் ஐந்து கொடிகளும், அவற்றின் கீழே ஊதா நிறப் பூவும், பிரெஞ்சு மொழியில் ‘பிரான்சின் நினைவாக’ என்ற சொற்களும், 1914 என்ற ஆண்டும் உள்ளன. ஒரு கொடியில் பச்சை, வெள்ளை, சிவப்புப் பட்டைகளின் நடுவே சிறு கேடயம் இருக்கிறது. இது 1914இல் செய்ததுதானா? மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கலாம் என்கிறார் தச்சர், துடைக்கலாமா?

மறுமொழி (ஏற்காடு):
ஆண்டை நம்பாதீர்கள், கொடிகளை எண்ணுங்கள். 1914 என்பது முதல் உலகப் போர் தொடங்கிய ஆண்டு. அதைப் பின்னாளில் செய்த பொருள்களிலும் எழுதினார்கள். கேடயம் உள்ளது அக்கால இத்தாலியக் கொடி. இத்தாலி நேச நாடுகளின் பக்கம் போரில் இறங்கியது 1915 மே மாதத்தில்தான் என்பதால், பெட்டி அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1917 ஏப்ரலில் போருக்கு வந்த அமெரிக்காவின் கொடி இல்லாததை வைத்து அதற்கு முந்தியது என்று ஊகிக்கலாம். ஆனால் இல்லாத கொடி இருக்கும் கொடியளவுக்கு வலுவான சான்றாகாது. ஊதாப் பூ பேன்சியாக இருக்கக்கூடும். பிரெஞ்சில் அந்தப் பூவுக்கும் ‘நினைப்பு’ என்பதற்கும் ஒரே சொல்லாதலால், படைவீரர்கள் வீட்டுக்கு அனுப்பிய பட்டுத்தையல் அஞ்சலட்டைகளிலும் அது அடிக்கடி பூத்தது. உருப்பெருக்கியில் பாருங்கள்: சீரான சிறு புள்ளிகள் தெரிந்தால் அச்சுப்படம் ஒட்டியது, தூரிகை மயிரின் தடம் தெரிந்தால் கைவேலை.

மறுமொழி (சேலம், செவ்வாய்ப்பேட்டை):
தச்சர் மன்னிக்கட்டும், மண்ணெண்ணெய் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மேற்பூச்சு அரக்காக இருந்தால் ஸ்பிரிட் பட்டதும் கரைந்துவிடும். (அந்த அரக்கும் அந்நாளில் பெரும்பாலும் நம் நாட்டிலிருந்தே கப்பலேறியது.) மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்துங்கள். அதைவிட முக்கியம், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்தின் ஈரத்தை உண்டிருக்கும் மரத்தைச் சேலத்துச் சித்திரை வெயிலுக்குத் திடீரென இறக்கினால், அது குறுக்குவாட்டில் சுருங்கி, அதனோடு சேர்ந்து சுருங்க முடியாத வண்ணம் செதில் செதிலாக உதிரும். மழைக்காலத்தில், துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

கேட்டவர்:
உருப்பெருக்கியில் பார்த்தேன், ஐயா. புள்ளிகள் இல்லை. கொடிகளின் ஓரத்தில் பென்சில் கோடு தெரிகிறது. பெல்ஜியக் கொடியின் மஞ்சள், கறுப்புப் பட்டையின் மேல் சற்று வழிந்திருக்கிறது. பெட்டியை ஐப்பசி வரை மலையிலேயே விட்டுவைக்கிறேன்.