அன்னபூர்ணா சுற்றுப் பாதையில் சேறும் புழுதியும்

வழிப்போக்கன்:
நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப் பாதையில் பெசிசகரில் தொடங்கி, தோராங் கணவாயைக் கடந்து, முக்திநாத் வழியாகத் தாதோபானி வரை நடக்க எண்ணியிருக்கிறோம். ஜூலையில் சென்று வந்தவர்களின் குறிப்புகளைப் படித்தால், ஒருவர் அட்டைக்கடியையும் வழுக்கும் சேற்றையும் சொல்கிறார். மற்றவரோ முகத்தில் அறையும் புழுதிக்காற்றைச் சொல்கிறார். உயரம் ஏற ஏறக் குளிரும் என்பது தெரிந்ததுதான். ஈரம் இவ்வளவு மாறுவது ஏன்? எதற்கேற்ப உடை எடுப்பது?

மலைச்சாரல்:
இருவர் சொல்வதும் சரியே. தெற்கிலிருந்து வரும் பருவக்காற்று அன்னபூர்ணாவின் தென்சரிவில் மோதி மேலெழும்பி, தன் ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுவதால், பொக்காராவுக்கு அருகிலுள்ள லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மலைக்கு வடக்கே மழை மறைவுப் பகுதியில் இருக்கும் ஜொம்சொமிலோ 300 மில்லிமீட்டர்கூடத் தேறுவதில்லை.

இந்த மாற்றத்தை வீட்டுக் கூரைகளிலேயே பார்க்கலாம். பெசிசகரை அடுத்த நெல்வயல் ஊர்களில் கூரைகள் மழைநீர் வழிந்தோடச் சரிவாக இருக்கும். மர்ஸ்யாங்தி ஆற்றை ஒட்டி ஏறி, சாமேயின் பைன் காடுகளைத் தாண்டி, 3,500 மீட்டர் உயரத்திலுள்ள மனாங்கை அடையும்போது கூரைகள் மண் பூசிய தட்டையான மாடிகளாகியிருக்கும். அவற்றின் மேல் விறகு அடுக்கியிருப்பார்கள். அங்கே ஒரே பள்ளத்தாக்கின் இரு கரைகளும்கூட ஒன்றுபோல இரா. வெயில் படும் தெற்கு நோக்கிய சரிவில் ஜூனிப்பர் புதர்களும் வெறும் மண்ணும்தான். பனி மெல்லக் கரையும் எதிர்ச்சரிவிலோ காடு நிற்கிறது. ஆகவே உயரத்தை மட்டும் பார்த்துத் திட்டமிடாதீர்கள். மலையின் எந்தப் பக்கம் நடக்கிறீர்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கண்டகிக்கரை:
புழுதிக்காற்றைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். 5,416 மீட்டர் உயரக் கணவாயிலிருந்து முக்திநாத்துக்கு ஒரே நாளில் 1,600 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும், முழங்காலுக்குச் சோதனைதான். (திவ்விய தேசமான சாளக்கிராமம் இதுவே என்று கருதி நம் ஊரிலிருந்து யாத்திரை வருவோர் பெரும்பாலும் ஜொம்சொம் வழியாக வண்டியில் வந்துவிடுகிறார்கள்.) அதற்குக் கீழே, தௌலகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் இடையிலான காளி கண்டகிப் பள்ளத்தாக்கில், வடக்கேயுள்ள முஸ்தாங் மேட்டுநிலம் வெயிலில் சூடாகிக் காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து காற்று இடுக்கு வழியாகப் பாய்கிறது. முற்பகலிலேயே தொடங்கிவிடும். ஜொம்சொம் விமானங்கள் காலையிலேயே பறந்துவிடுவதும் இதனால்தான். நீங்கள் தெற்கு நோக்கி நடப்பதால் அது நேராக முகத்தில் அடிக்கும். விடியலில் கிளம்பி நண்பகலுக்குள் மார்ஃபா போன்ற ஊரில் தங்கிவிடுவது நல்லது.

வழிப்போக்கன்:
மிக்க நன்றி. அப்படியானால் மழை முடிந்த அக்டோபரில் சென்றால் கவலையில்லையா?

மலைச்சாரல்:
அக்டோபர், நவம்பர் நல்ல மாதங்கள்தான். ஆனால் கணவாயைப் பொறுத்தவரை எந்த மாதத்தையும் முழுமையாக நம்பக் கூடாது. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுத்ஹுத் புயலின் எச்சம் இரண்டு நாளில் இமயத்தை எட்டிப் பெரும் பனிப்பொழிவைக் கொட்டியதில், தோராங் பகுதியிலும் சுற்றுப்புறத்திலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வங்கக் கடலில் புயல் சின்னம் இருந்தால் மனாங்கிலேயே காத்திருங்கள். உயரத்துக்கு உடல் பழக அங்கே எப்படியும் ஓரிரு நாள் தங்க வேண்டியிருக்கும். உடையைப் பொறுத்தவரை, தடித்த ஒரே கோட்டுக்குப் பதிலாக மெல்லிய அடுக்குகள் சிலவும், காற்றும் மழையும் புகாத மேலுடை ஒன்றும், புழுதிக்கு முகத்துணியும் போதும்.