படகு டேங்கில் நிற்கும் பழைய பெட்ரோலை எப்படி இறக்குவது?

பாம்பனில் இருந்து எழுதுகிறேன், அண்ணன்மாரே. அப்பாவுக்குக் கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து எங்கள் ஃபைபர் படகு எட்டு மாதமாகக் கரையில் கிடக்கிறது. தளத்துக்கு அடியில் பதித்த டேங்கில் 25 லிட்டர் பெட்ரோல் அப்படியே நிற்கிறது.

நேற்று கை பம்ப்பால் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தேன். சற்று நேரத்தில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. மேலே டீத்தண்ணி நிறம், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தெளிந்த நீர். பெயின்ட் போல வாடை. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுத்து, தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடுகிறது. இதை எஞ்சினுக்குள் விட மனம் வரவில்லை.

டேங்கின் அடியில் திறந்துவிட மூடி கிடையாது. உறிஞ்சும் குழாயும் அடிவரை போகவில்லை. அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, தூக்கி வைத்தால் மிச்சமெல்லாம் பின்பக்கம் ஓடி வருமா? கரண்ட் மோட்டார் வைக்கப் பயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகுக்குள்ளேயே தங்கும், ஒரு பொறி போதும். வாயால் உறிஞ்சவும் மாட்டேன்.

அப்புறம், எடுத்ததை எங்கே கொடுப்பது? கடலிலோ மணலிலோ கொட்ட மாட்டேன். ராமநாதபுரம் பக்கம் யாராவது வாங்கிக்கொள்வார்களா? இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அப்பா தினமும் படகைப் பற்றியே கேட்கிறார்.