தூளியா, பாயா? மூன்று பிள்ளைகள், ஒரே அறை

மதுரை அம்மா:
மூத்தவள் பத்தாம் வகுப்பு, நடுவிலுள்ளவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு நாலு மாதம். படுப்பது எல்லாரும் ஒரே அறையில். விட்டத்துக் கொக்கியில் என் பழைய நூல் சேலையைத் தூளியாகக் கட்டியிருக்கிறோம். அதில் போட்டு ஆட்டினால்தான் சின்னவள் கண்ணை மூடுவாள்.

போன செவ்வாய்க்கிழமை துணி காயப்போட்டுவிட்டு மாடியிலிருந்து இறங்கினால், பையன் காலித் தூளிக்குள் உட்கார்ந்து முறுக்கிச் சுற்றிக்கொண்டிருக்கிறான். சேலை கயிறு மாதிரி திரிந்து அவன் தாடைக்குக் கீழே ஏறியிருந்தது. பதறிப்போய் இறக்கினேன். கழுத்தோரம் விழுந்த சிவப்புக் கோடு சாயங்காலம் வரை மறையவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

கழற்றிவிடலாம் என்றால் அத்தை ஒப்பவில்லை. "மல்லாக்கப் போட்டால் கக்கினது மூச்சுக்குழலில் ஏறும், தலையும் சப்பையாகும்" என்கிறார். மூத்தவள் வேறு நடுராத்திரி வரை போனில் இருக்கிறாள், விடிகாலை ஐந்தரைக்கு டியூஷன். உங்கள் வீடுகளில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற கிராம நர்ஸ்:
கண்ணு, முதல் வேலையை இன்றைக்கே செய்துவிடு. சின்னவளைத் தூக்கின கையோடு சேலையைச் சுருட்டிப் பையனுக்கு எட்டாத உயரத்தில் கொக்கியோடு முடிந்துவிடு. தொங்கவே கூடாது. சேலைத் தொட்டிலில் விளையாடிய பிள்ளை கழுத்து இறுகிப் போனது என்று பேப்பரில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அதெல்லாம் உன் பையன் வயசுப் பிள்ளைகள்தான். துணி முறுக்கிக்கொண்டால் அவர்களால் தானாக விடுவித்துக்கொள்ள முடியாது, கத்தவும் முடியாது.

தூளியில் ஆட்டித் தூங்கவைப்பதை நான் குறை சொல்லமாட்டேன், என் பிள்ளைகளும் அதில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் நீ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போடு. உள்ளே உடம்பு வளைந்து, தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைபடும். கண் அசந்ததும் பாய்க்கு மாற்று.

அத்தையிடம் இதைப் பொறுமையாகச் சொல்லு. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலே இருக்கும், உணவுக்குழல் கீழே. கக்கினது மேலே ஏறி மூச்சுக்குழலுக்குப் போவது கடினம். குப்புறப் படுத்தால்தான் இரண்டும் இடம் மாறுகின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 1992லேயே குப்புறப் போடவேண்டாம் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு அங்கே தூக்கத்தில் திடீரென்று இறக்கும் குழந்தைகள் பாதிக்கும் மேல் குறைந்தார்கள். தலை சப்பையாகுமோ என்ற பயத்துக்கு, விழித்திருக்கும்போது நீ எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாடவிடு. கழுத்தும் உறுதியாகும்.

பாயில் ஒரு பருத்தி விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரித்தால் போதும். தலையணை, பஞ்சு மெத்தை, பொம்மை எதுவும் வேண்டாம். கழுத்தில் கறுப்புக் கயிறு இருந்தால் தூங்கும்முன் கழற்றிவிடு. கொசுவர்த்திப் புகைக்கு வலை எவ்வளவோ மேல்.

ஈரோட்டு அப்பா:
சகோதரி, மூத்தவளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் மகளுக்கும் அதே வயதுதான். அந்த வயதில் உடம்பே தாமதமாகத்தான் தூக்கத்துக்குத் தயாராகும், அது சோம்பேறித்தனமில்லை. ஆனால் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. திட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. அப்புறம் எல்லாருடைய போனும் பத்து மணிக்குச் சமையலறை அலமாரியில் சார்ஜுக்குப் போகும் என்று வைத்தோம், என்னுடையது முதலில். டியூஷன் ஆசிரியரிடம் பேசி மாலை வகுப்புக்கும் மாற்றினோம். இப்போது அலாரத்துக்கு முன்னாலேயே எழுந்துவிடுகிறாள்.

மதுரை அம்மா:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. சேலையை மேலே முடிந்துவிட்டேன். நேற்று ராத்திரி சின்னவளைப் பாயில் போட்டோம். அத்தை விளக்கை அணைக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை பாலுக்கு எழுந்தாள், ஒரு முறை கக்கினாள், தலையைத் திருப்பிக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டாள். அத்தை அப்புறம்தான் படுத்தார். பையன் ராத்திரி உருளுவான், அவளை எந்தப் பக்கம் போடட்டும்?

ஓய்வுபெற்ற கிராம நர்ஸ்:
அவளுக்குத் தனிப் பாய், உன் கை எட்டும் தூரத்தில். நீ நடுவில் படு, உன் மறுபக்கம் பையன். அவர்கள் இருவரையும் அடுத்தடுத்துப் போடாதே.